ஏழாம் நாள் திரும்பப் பெற்ற மனு

பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஓடுகிற நாளில்கூட யாரும் நம்பி ஏறாத லிஃப்டுக்கு எதிரே ஓர் அறை. முப்பத்தொரு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குப் பதிவேட்டக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிப் பதிவேடு உண்டு. சேர்ந்த நாள், எடுத்த விடுப்பு, வாங்கிய மெமோ, கிடைத்த பதவி உயர்வு எல்லாம் அதில் ஏறும். ஏற்றுகிறவள் இவள். துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை யாருக்கு எந்த வருடம் சிறுநீரகக் கல் வந்தது என்று இவளுக்குத் தெரியும். வயதைக் குறைத்துச் சொல்லும் பேராசிரியைகள் இவளைக் கண்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இப்படி ஊர் முழுவதன் வாழ்க்கையையும் எழுதிவைக்கிறவளுக்குத் தன் வாழ்க்கையை நினைக்க நேரமில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் நாலே முக்காலுக்கு எழுந்தால் இரண்டு வேளைச் சமையல், பாத்திரம், துணி, அப்புறம் இரண்டு பஸ். மாலையில் அதே இரண்டு பஸ், அதே பாத்திரம். ஐம்பத்தாறு வயது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கால் வீங்கிக் கிடக்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்று, யாரையோ தேடுகிறவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பாள். யாரையும் தேடவில்லை. மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். வாரநாளில், மத்தியானம், ஜன்னலைச் சாத்திவிட்டு, யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். வெளிநாடு பார்க்க வேண்டாம், நகை நட்டு வேண்டாம். தூக்கம். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கணக்கில் சேராது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் வாய் திறக்கும்.

இந்த நிலையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வந்தது என்ன, அவளே தட்டச்சு செய்தாள். பல்கலைக்கழகத்துக்கு ஆள் அதிகமாகிவிட்டதாம். ஐம்பத்தைந்து வயது கடந்து, இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் விருப்பப்பட்டால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம். ஒன்றரை வருடச் சம்பளம் மொத்தமாகக் கையில் வரும். பென்ஷனில் பிடித்தம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது வயது வரை கணவன் மனைவி இருவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இப்படி ஒரு சலுகை இதற்கு முன்னால் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை என்று கேன்டீனில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள்.

சுற்றறிக்கையை எழுதியவர் அவளுடைய கண்காணிப்பாளர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு பெருமூச்சு விடுவார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே பெருமூச்சு. நல்ல மனிதர். ஆனால் ஒரு காற்புள்ளி வைக்கக்கூடப் பதிவேட்டக்காவைக் கேட்பார்.

"மனசு மாறினா என்ன பண்றதுன்னு ஒரு விதி போடணுமேம்மா. ஏழு நாள் டயம் கொடுக்கலாமா?"

"கொடுங்க சார். ஆனா ஒருதடவ திரும்ப வாங்கினவங்க மறுபடி கொடுக்கக் கூடாதுன்னு போட்டுடுங்க. இல்லன்னா காலைல கொடுப்பாங்க, சாயங்காலம் வாங்குவாங்க, மறுநாள் மறுபடி வந்து நிப்பாங்க. என் உயிர் போயிடும்."

"அதுவும் சரிதான்," என்று பெருமூச்சு விட்டார். ஒன்பதாம் விதி அப்படித்தான் பிறந்தது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறவள், கொஞ்சம் குறையட்டுமே என்று சொன்னாள். அதில் என்ன தப்பு?

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனுவை வாங்கும்போது ஒரு சடங்கு உண்டு. எங்கோ யாரோ தன்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வழக்குப் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து, மனுவில் உள்ள உறுதிமொழியை எழுத்தர் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று ஒரு சாட்சியின் முன்னால் கேட்க வேண்டும். வந்தவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

ரசாயன ஆய்வுக்கூட உதவியாளர், "என் முட்டிதாம்மா கட்டாயப்படுத்துது. அத எழுதிக்கிறீங்களா?" என்றார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மாள் கேள்வி காதில் விழுந்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும் இல்ல, யாரும் இல்ல" என்று நாலு தடவை சொன்னாள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகும் தன் அறைச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று நாள் வந்து நச்சரித்தார். எல்லோருக்கும் பதில் சொல்லி, எல்லோருடைய பதிவேட்டையும் எடுத்து, வருடங்களைக் கூட்டி, விடுப்பைக் கழித்து, நிமிர்வதற்குள் மாலை ஆறு. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புகிற வேலையால் அவள் வீட்டுக்குப் போவது தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. கொடுமையைப் பாருங்கள்.

நாற்பத்தேழாவது மனு அவளுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. பெருமூச்சுதான் உறுதிமொழியைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "கேட்கணுமாம்மா?" என்றார்.

"கேட்டுத்தான் ஆகணும் சார்."

கேட்டார். யாரும் இல்லை என்றாள். சொல்லும்போதே தோள் இரண்டும் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தாள், பாவம்.

வீட்டில் கணவர். அவர் ஒரு துணி ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆலையை இழுத்து மூடினார்கள். மூடுவதற்கு முன்னால் அவர்களும் இதே மாதிரி ஒரு தாளை நீட்டினார்கள். அதன் தலையிலும் விருப்ப ஓய்வு என்றுதான் எழுதியிருந்தது. அவருக்குக் கொஞ்சமும் விருப்பம் இருக்கவில்லை. அன்றிலிருந்து நாற்காலி, பேப்பர், மத்தியானம் ஒரு தூக்கம், மாலையில் வாசல் வரை நடை. அதிகம் பேசமாட்டார். மேசை மேல் டம்ளரை வைக்கிற சத்தத்தில்தான் அவர் வீட்டில் இருப்பதே தெரியும்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்தார். "அப்போ மத்தியானத்துல நீயும் வீட்ல இருப்ப" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சூடான சாப்பாடும் மூன்று மணி காபியும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன என்று அவள் எடுத்துக்கொண்டாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தினவளுக்கு அதுகூடத் தெரியாதா?

மறுநாள் மகள் போன் செய்தாள். அவளுக்குப் பத்து மாதக் குழந்தை. "அம்மா! அப்பா சொன்னாரு. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? குழந்தையப் பாத்துக்கற கிரஷ்ல அடுத்த மாசத்தோட நிறுத்தறோம்னு நோட்டீஸ் கொடுத்துட்டேன். காலைல ஏழரைக்குக் கொண்டாந்து விட்டா, ராத்திரி எட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீ சும்மாதானே இருக்கப் போற?"

வெள்ளிக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். கணவரின் ஒரே தங்கை. படுக்கையில் கிடக்கும் அம்மாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். அதை மறுக்க முடியாது. "அண்ணி, நான் உங்களக் குத்தம் சொல்லல. நீங்க வேலைக்குப் போறவங்க, அதனால வாயத் திறக்கல. இனிமேதான் வீட்லயே இருப்பீங்களே, அம்மாவ இங்க கொண்டாந்துடலாம். ஆஸ்பத்திரிக் கட்டில்கூட பேசி வச்சிட்டேன். அந்தச் சின்ன ரூம்ல போட்டுக்கலாம்."

அந்தச் சின்ன அறையில்தான் ஜன்னல் இருந்தது, சாத்திவிட்டுத் தூங்குவதற்கு.

ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொல்லை. மகள் கேட்டதில் நியாயம் இருந்தது, நாத்தனார் கேட்டதில் அதைவிட நியாயம் இருந்தது. யாரிடம் போய் முடியாது என்பது? முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இத்தனை வருடமாக இருந்தது. ஆபீஸ். அதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கணவர் அந்தச் சின்ன அறையில் அளவு நாடாவோடு நின்றதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் பிடித்தது. எதை அளக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கட்டிலுக்காகத்தான் இருக்கும், வேறெதற்கு?

செவ்வாய்க்கிழமை ஏழாம் நாள். மாலை நாலரை மணிக்கு ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி, பெருமூச்சின் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சுட்டேன் சார்."

"வீட்ல யாராவது வேண்டாம்னாங்களா?"

"வேண்டாம்னு யாரும் சொல்லல சார். எல்லாரும் வா வான்னுதான் சொல்றாங்க."

அவருக்குப் புரியவில்லை. சீல் குத்தி உள்ளே போட்டார். அதோடு ஒன்பதாம் விதி அவள் மேலும் பூட்டிக்கொண்டது. மூன்று வருடம் நான்கு மாதம் இன்னும் பாக்கி.

வீட்டில் என்ன சொல்வது? பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்தாள். "விடமாட்டேங்கறாங்க. என் வேல அத்தியாவசியமாம். மனுவத் தள்ளிட்டாங்க." மகள் போனில் பல்கலைக்கழகத்தைக் கிழிகிழியென்று கிழித்தாள். நாத்தனார், "நம்ம தலையெழுத்து அண்ணி" என்று போனை வைத்தாள்.  கணவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "இதையெல்லாம் யாரு முடிவு பண்றது?" என்று கேட்டார்.

"பதிவாளர்தான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அடுத்த வாரம் மகள் போன் செய்யவில்லை. நாத்தனாரும் செய்யவில்லை. கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்கத் தெம்பில்லை. திரும்பவும் நாலே முக்கால், இரண்டு பஸ், பாதிப் படியில் நிற்பது. தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அதையும் காணவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, காலைத் தபாலில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் அவள் மேசைக்கு இறங்கி வந்தது. விருப்ப ஓய்வு பற்றி யார் எழுதினாலும், எங்கே எழுதினாலும், கடைசியில் அவளிடம்தான் வரும். அவள் பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அதுதான் வழக்கம். மேல் மூலையில் பதிவாளர், "விவரம் பார்த்து உடன் வைக்கவும்" என்று பச்சை மையில் எழுதியிருந்தார்.

கையெழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆலையில் பழுது ரிப்போர்ட் எழுதி எழுதிப் பழகிய எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

"பொருள்: என் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவைக்கக் கேட்பது.

ஐயா, வணக்கம். தங்கள் அலுவலகத்தில் பணிப் பதிவேடு எழுதுபவரின் கணவன் நான். அவர் விருப்ப ஓய்வு கேட்டு எழுதியதைத் தாங்கள் மறுத்துவிட்டதாக அறிகிறேன். அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்கிறீர்கள். அது உண்மைதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்தார். கையில் எடுத்த சாப்பாடு வாய்க்குப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். நான் எதிரில் இருந்தேன். எழுப்பவும் மனம் வரவில்லை, எழுப்பாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

என் ஆலை மூடி ஒன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து நான் தினமும் மத்தியானம் தூங்குகிறேன். எழுந்திருக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அவரிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் ஆளுக்கொரு வேலை வைத்திருந்தார்கள். அவரை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது, குழந்தையையும் என் தாயாரையும் நான் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்று என் மகளிடமும் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, இருவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. சின்ன அறையின் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவும் எடுத்துவைத்திருக்கிறேன்.

எனவே அவரை விடுவித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கிவிட்டது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அழுதாள் என்று சொல்வதில் என்ன இருக்கிறது, அழத்தான் அழுதாள். கதவருகே பதிவேட்டுக்காக ஒருவர் காத்திருந்தார். தூசி என்றாள். அந்த அறையில் அது எல்லோரும் நம்புகிற காரணம்.

பிறகு எழுந்து பெருமூச்சிடம் போனாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் தனக்காக எதையும் கேட்டு அந்த மேசை முன்னால் நின்றதில்லை.

"சார், அந்த ஒன்பதாவது விதிய... ஒரே ஒருத்தருக்குத் தளர்த்த முடியுமா?"

அவர் கடிதத்தைப் படித்தார். வெகுநேரம் பெருமூச்சுகூட விடவில்லை. "பதினோரு பேரு இதே மாதிரி வந்தாங்களேம்மா. திரும்ப வாங்கிட்டு, மறுபடி கொடுக்கறேன்னு. அந்த நூலகத்து அம்மாகூட அழுதாங்க. விதி விதிதான்னு நீதான் எல்லாரையும் அனுப்பி வச்ச. இப்ப உனக்கு மட்டும் நான் எந்த முகத்தோட எழுதுவேன்?"

"எழுத முடியாதுதான் சார்."

அவர் கேட்டது நியாயம். அவளுக்கே அது தெரியும் என்பதுதான் கஷ்டம். நாற்காலிக்கு வந்து, குறிப்புத் தாளை எடுத்து, எப்போதும் எழுதுகிற எழுத்தில் எழுதினாள்: ஊழியர் தாமாகவே மனுவைத் திரும்பப் பெற்றுள்ளார். எவரும் மறுக்கவில்லை. விதி ஒன்பதின்படி மீண்டும் பரிசீலிக்க வழியில்லை. மனுதாரருக்கு அவ்வாறே தெரிவிக்கலாம். கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டாள். பதில் கடிதம் நாலு நாளில் வீட்டுக்குப் போய்ச் சேரும். அதற்கு முன்னால் அவள் போய்ச் சேர வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க லெட்டர் வந்துச்சு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பதிவாளருக்குத்தானே போட்டேன்?"

"யாருக்குப் போட்டாலும் என் டேபிளுக்குத்தாங்க வரும்."

அவர் கீழே பார்த்தார். தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி விரலை நெரித்தார். "என்ன சொல்றாங்க?"

"அவங்க மனுவத் தள்ளவே இல்லங்க. நான்தான் திரும்ப வாங்கிட்டேன். இனிமே கொடுக்க முடியாது."

"ஏன்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் ஒன்று வந்தது. ஆனால் அதைச் சொல்லி, அப்புறம் நினைவு வைத்துக் காப்பாற்ற அவளிடம் சக்தி இல்லை. "வீட்டுக்கு வர பயமா இருந்துச்சு," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னாலயா?"

"எல்லாராலயும். உங்களாலயும்தான். நீங்க கட்டிலுக்கு அளவெடுக்கறீங்கன்னு நெனச்சேன்."

 சமையலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பதிவாளருக்கு ஒரு பக்கம் எழுதத் தெரியுது."

 அவளிடம் மேற்கொண்டு கோபம் இல்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா? அவள் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டாள். வீங்கியிருந்த அந்தக் காலை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சரி, போனது போகட்டும். நாளைக்கு ஒருநாள் லீவு போடு. மத்தியானம் படுத்துத் தூங்கு. யாரு வந்தாலும் நான் வெளியிலேயே பேசி அனுப்பிடறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பது வருடத்தில் முதல்தடவையாக ஒருத்தர் தூங்கு என்று சொல்கிறார்.

"நாளைக்கு முடியாதுங்க," என்றாள். "முப்பத்தஞ்சு பேரு வீட்டுக்குப் போறாங்க. ஒவ்வொருத்தர் பதிவேட்டையும் நான்தான் முடிச்சுக் கொடுக்கணும்."